பால்வாடியின் தரத்தை ஒரு காலைப்பொழுதில் அளப்பது எப்படி

பலகையில் அங்கன்வாடி மையம் என்று எழுதியிருந்தாலும் திருநெல்வேலிச் சீமையில் அது பால்வாடிதான். பணியாளர் டீச்சர், உதவியாளர் ஆயா. மேற்பார்வையாளரோ ஊராட்சித் தலைவரோ பிள்ளையைக் கொண்டுவிட வந்த தாயோ, "மையம் எப்படி நடக்குது?" என்று கேட்டால் முதலில் வெளியே வருவது பதிவேடு. வருகை, எடை, இருப்பு எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கும். ஆனால் பத்து மணிக்கு உள்ளே வந்த நாலு வயசுப் பிள்ளை, பன்னிரண்டரைக்குச் சோற்றுத் தட்டு வரும்வரை என்ன செய்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அந்த இரண்டரை மணி நேரம் எப்படிக் கழிகிறதோ அதுதான் மையத்தின் தரம். அளக்க வேண்டியது அதை.

பிள்ளைக்குச் சோறு போடுவதில் இந்தப் பக்கம் பழக்கம் உண்டு. காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் 1956-ல் திருநெல்வேலி மாவட்டத்து ஊர். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் வந்தது, எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-ல். அதனால்தான் அரிசி, பருப்பு, முட்டைக்குக் கணக்கு கிராம் சுத்தமாக இருக்கிறது. பேச்சுக்கும் விளையாட்டுக்கும் அப்படி ஒரு கணக்கு இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

ஆயத்த அளவுகோல்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1980-ல் வந்த ஈகர்ஸ், வகுப்பறைச் சூழலை 1 முதல் 7 வரை மதிப்பிடும். அதை ஒட்டி 1990-களிலேயே தமிழ்நாட்டுக்கென்று டெசர்ஸ் என்ற அளவுகோலும் உருவானது. இரண்டுக்கும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். இங்கே சொல்லப்போவதற்கு ஒரு கைக்கடிகாரமும், கோடு போட்ட தாளும், வாயை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரும் பொறுமையும் போதும்.

எந்த நாளில் போவது

சமுதாய வளைகாப்பு, தடுப்பூசி போடும் நாள், சத்துமாவுக்கென்று நாள் குறித்திருந்தால் அந்த நாள், மேலதிகாரி வருகிற நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சாதாரண நாளாக இரண்டு, வேறு வேறு வாரத்தில் எடுங்கள். ஆற்றுப்பாசன ஊர்களில், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம், பிசான நெல் நடவு நேரத்தில் ஒரு நாள் போவது நல்லது. தாய்மார் விடியுமுன்னே வயலுக்குப் போய்விடுவதால் பிள்ளைகள் வரும் நேரமும் எண்ணிக்கையும் மாறியிருக்கும்.

சொல்லாமல் போய் நிற்க வேண்டாம். "இந்த வாரத்தில் ஒரு நாள் வருவேன், டீச்சர்" என்று சொல்லிவிட்டு, எந்த நாள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். முன்கூட்டியே தேதி தெரிந்தால் சுவரில் புது அட்டை தொங்கும். சொல்லாமலே போனால் டீச்சர் பயத்தில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார், பிள்ளைகளைப் பார்க்க முடியாது. முதல் பிள்ளை வருமுன் போய், வாசலை மறைக்காமல், மூலையில் தரையில் உட்காருங்கள். நாற்காலி போட்டால் நீங்கள் அதிகாரி ஆகிவிடுவீர்கள்.

நிமிடத் தாள்

காலை 9.30-லிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, மொத்தம் 36 தடவை, அறையை இடமிருந்து வலமாக ஒரே ஒரு நோட்டம் விடுங்கள். அந்த நொடியில் கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். ஒரு பத்தியில் பிள்ளைகளின் தலை எண்ணிக்கை. அடுத்ததில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் செய்வது: பாட்டு, கதை, பேச்சு என்றால் 'பா'. பொருளைக் கையில் எடுத்து விளையாடினால் 'வி'. எழுத்து, எண், நிறம், வடிவம் என்றால் 'எ'. சாப்பாடு, கைகழுவல், கழிப்பறைக்கு 'உ'. சும்மா இருந்தால் 'கா', அதாவது காத்திருத்தல். மூன்றாவது பத்தியில் டீச்சர்: பிள்ளைகளோடு, பதிவேடு அல்லது செல்போனோடு, சமையல் பக்கம், வந்தவர்களோடு, வெளியே.

தவறு நடக்கும் இடம் 'கா'தான். கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து, வரிசையாகப் பதினாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவருக்கு அது ஒழுக்கமாகத் தெரியும், கை தானாக 'எ' என்று எழுதும். அப்படி எழுதாதீர்கள், அது காத்திருத்தல். அதேபோல, பத்து முப்பத்தேழுக்கு ஒரு நல்ல கதை நடந்தது, பத்து நாற்பதுக்குள் முடிந்துவிட்டது என்றால் அது தாளில் ஏறாது. மனம் கேட்காமல் ஏற்றினால் கணக்கு கெட்டது. முப்பத்தாறு குறியில் நல்லதும் கெட்டதும் அதனதன் பங்குக்கு விழுந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பழக ஒரு கற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். டீச்சர் பிள்ளைகளோடு இருந்தது 10 குறி, பதிவேடும் செல்போனும் 11, சமையலும் பொருள் எடுத்துக் கொடுத்தலும் 6, வந்தவர்களோடு பேச்சு 5, வெளியே 4. குறிக்கு ஐந்து நிமிடம் என்றால், மூன்று மணி நேரத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது 50 நிமிடம், பதிவேட்டுக்குப் போனது 55. பிள்ளைகள் பக்கம் 'கா' 13 விழுந்திருந்தால் 65 நிமிடம் சும்மா இருந்திருக்கிறார்கள். இந்த மூன்று எண்ணும்தான் மையத்தின் ஆரம்பப் புள்ளி. ஒரே நாள் தாளை வைத்து எதுவும் முடிவு கட்டாமல், இரண்டு நாள் தாளையும் கூட்டிச் சராசரி பாருங்கள்.

பேச்சைக் கேட்பது

இதற்குத் தனியாகப் பத்து நிமிடம், இரண்டு தடவை. டீச்சர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் குறியுங்கள். ஒரே பதில் உள்ளதா, பிள்ளை யோசித்துச் சொல்ல வேண்டியதா என்று பிரித்துக்கொண்டால் போதும்.

டீச்சர் வெண்டைக்காயைத் தூக்கிக் காட்டுகிறார். "இது என்ன?" "வெண்டைக்கா...ய்!" எல்லாரும் கத்துகிறார்கள். "என்ன கலர்?" "பச்சை!" பத்து நிமிடத்தில் இப்படி இருபது கேள்வி ஓடிவிடும், அறை கலகலப்பாக இருக்கும், வந்தவருக்குத் திருப்தி. ஆனால் கத்துகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துக் கத்துகிறார்கள். அதே வெண்டைக்காயை ஒரு பிள்ளை கையில் கொடுத்து, "இதை ஒடிச்சா உள்ள என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து வரை மனசுக்குள் எண்ணும் நேரம் போதும். "வழவழன்னு இருக்கும்... எங்காச்சி நுனிய ஒடிச்சுப் பாத்துத்தான் வாங்குவா" என்று ஒரு பிள்ளை சொல்லும். "ஏன் ஒடிச்சுப் பாக்கா ஆச்சி?" என்று அடுத்த கேள்வி அங்கிருந்து பிறக்கும். தாளில் இதற்குத்தான் பெரிய மதிப்பு. பிள்ளை சொன்னதைப் பிடித்துக்கொண்டு டீச்சர் அடுத்ததைக் கேட்டாரா? பத்து நிமிடத்தில் இது மூன்று தடவை நடந்தாலே நல்ல மையம் என்று நினைக்கலாம்.

கூடவே, தனிக்குரலாகக் காதில் விழுந்த பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். நாலைந்து பெயரே திரும்பத் திரும்ப வரும். வராத பெயர்களை டீச்சரிடம் கொடுங்கள், மறுநாள் அவர் யாரோடு பேசத் தொடங்க வேண்டும் என்பதற்கு வேறு திட்டம் தேவையில்லை.

எடையும் உயரமும்

பிள்ளை தேறுகிறதா என்று சொல்லும் எண் இதுதான், பொய் ஏறுவதும் இதில்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கடும் எடைக்குறைவு எண்ணிக்கை கூடினால் டீச்சருக்குத் திட்டு விழும் என்றால், எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும்.

முதலில் கருவி. காய்ந்த மணலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணிப்பையில் தைத்து, பலசரக்குக் கடையின் முத்திரையிட்ட தராசில் சரியாக 5 கிலோ நிறுத்து, மையத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எடை போடும் நாளில் முதல் பிள்ளைக்கு முன் அந்தப் பையை நிறுக்க வேண்டும். 100 கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அன்று எடை போட வேண்டாம். டிஜிட்டல் எந்திரத்தைக் கோரைப்பாய் மேலோ பழுதடைந்த தரைச் சரிவிலோ வைத்தால் எண் நிற்காமல் ஓடும், சமமான சிமெண்ட் தரை வேண்டும். தொங்கும் தராசு உள்ள மையங்களில், பணகுடி, காவல்கிணறு பக்கம், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வராந்தாவில் கட்டினால் முள் நிற்கவே நிற்காது. உள்ளே, சன்னலைச் சாத்திவிட்டுக் கட்டுங்கள்.

சட்டை, கொலுசு, தண்டை கழற்றிவிட்டு எடை. சாப்பிட்டதும் போடாமல் காலையிலேயே போட வேண்டும். இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் படுக்கவைத்து நீளம், நிரம்பிய பிள்ளைக்கு நிற்கவைத்து உயரம். மாற்றி எடுத்தால் சுமார் 0.7 செ.மீ. கூடும் அல்லது குறையும். உயரம் எடுக்கும்போது குடுமியை அவிழ்த்துவிடுங்கள். குதிகால், பின்புறம், பின்தலை மூன்றும் பலகையைத் தொட வேண்டும், ஆயா முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல்கைச் சுற்றளவு, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது கையைத் தொங்கவிட்டு, தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில். நாடா சதையை நசுக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, உயரத்துக்கேற்ற எடை −2 திட்டவிலக்கத்துக்கு (நடுமதிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற அளவு) கீழே போனால் மிதமான குறை, −3-க்குக் கீழே கடுமை. மேல்கை 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் கவனம், 11.5-க்குக் குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டு பாதமும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. வயதுக்கேற்ற எடையை மட்டும் பார்த்தால் குட்டையான பிள்ளையும் மெலிந்த பிள்ளையும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். ஒருவருக்கு வேண்டியது மற்றவருக்கு வேண்டியதில்லை.

பதிவேட்டில் கண்மதிப்பு ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எடைகளின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். பத்து இலக்கமும் சமமாக விழுந்தால் 40 பிள்ளையில் '.0', '.5' இரண்டும் சேர்ந்து எட்டுப் பேருக்குத்தான் வர வேண்டும். இருபதைத் தாண்டினால் யாரோ பார்த்துத் தோராயமாக எழுதியிருக்கிறார்கள். அப்போது திட்டாமல், ஐந்து பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு வேறொருவர் மறுபடி எடுக்கட்டும். எடையில் 100 கிராம், உயரத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் எல்லாரையும் மறுபடி எடுக்க வேண்டும்.

பிள்ளைக்குப் பரீட்சை வேண்டாம்

'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தோடு மதிப்பீட்டு அட்டை இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள், ஆனால் வரிசையில் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லி நிரப்பாதீர்கள். நாலு வயசுப் பிள்ளையின் முன் பத்துப் புளியங்கொட்டையைப் போட்டு, "எனக்கு அஞ்சு தாங்க" என்று கேளுங்கள். ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று சொல்லும் பிள்ளை, கையில் ஏழை எடுத்துக் கொடுக்கும். எண் தெரியும், எண்ணிக்கை தெரியாது, இரண்டும் வேறு. ஐப்பசியில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை எடுத்து அந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள். மேலப்பாளையத்து மையத்தையும் உவரியின் கடற்கரை மையத்தையும் பக்கம்பக்கமாக வைத்து மதிப்பெண் போட்டால் நீங்கள் அளப்பது வீட்டையும் தொழிலையும்தான், டீச்சரை அல்ல.

கட்டிடம், தண்ணீர், கழிப்பறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை உயரத்தில் குழாய் இருக்கிறதா, சோப்பு நனைந்திருக்கிறதா, கழிப்பறைக் கதவு பூட்டாமல் இருக்கிறதா, அரிசி மூட்டை தரையிலிருந்து அரையடிக்கு மேல் பலகையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோர மையங்களில் அரையடிகூடக் காணாது. விளையாட்டுச் சாமான் பெட்டியை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். மேலே தூசி படிந்திருந்தால் அது பீரோவுக்காக வாங்கியது.

இனி உயர்த்துவது

ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம். பன்னிரண்டு குறையைச் சொல்லிவிட்டு வந்தால் பன்னிரண்டும் அப்படியே இருக்கும்.

தாளை முதலில் டீச்சரிடம்தான் காட்ட வேண்டும், அலுவலகத்தில் அல்ல. "டீச்சர், பத்தரைல இருந்து பதினொண்ணு வரைக்கும் நீங்க ஒரு வாட்டிகூட பிள்ளைககூட உக்காரல, பாத்தீங்களா?" என்று கேட்டால், "சத்துமாவு வாங்க ஒவ்வொருத்தரா வந்துகிட்டே இருந்தாங்களே சார்" என்று பதில் வரும். குறை அவரிடம் இல்லை, வழங்கும் முறையில் இருக்கிறது. சத்துமாவுக்கு வாரத்தில் ஒரு நாள், பிள்ளைகள் தூங்கிய பிறகு என்று வாசலில் எழுதிப் போட்டாலே நாலைந்து குறி மீளும். போஷன் டிராக்கர் என்ற செல்போன் செயலியில் போடும் பதிவையும் அதே தூக்க நேரத்துக்குத் தள்ளுங்கள். மலையடிவார ஊர்களில் சிக்னலுக்காக டீச்சர் வெளியே போய் நிற்கும் நிமிடங்கள் 'வெளியே' பத்தியில் விழும். அதை அவருடைய தவறு என்று எழுதாமல், காரணத்தைப் பக்கத்தில் குறித்து மேலே அனுப்புங்கள்.

அடுத்தது அறை. எல்லாரும் சுவரோரமாக உட்கார்ந்தால் காத்திருப்புதான் வரும். கோரைப்பாயை நாலு மூலையில் விரித்து ஒரு மூலையில் சிரட்டையும் சலித்த மணலும், ஒன்றில் பனையோலைக் காற்றாடியும் ஓலைப் பின்னலும், ஒன்றில் படப்புத்தகம், ஒன்றில் சமையல் சொப்பு. செலவு அதிகம் ஆகாது, பத்தமடைப் பக்கம் பாய்க் கழிவே கிடைக்கும். புளியங்கொட்டை, சோழி போன்றவற்றை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டவிடாதீர்கள், மூக்கிலும் தொண்டையிலும் போய் மாட்டும். ஆறேழு பிள்ளைகளோடு டீச்சர் இருபது நிமிடம் உட்கார, மற்றவர்கள் மூலைகளில் விளையாட, ஆயா பார்த்துக்கொள்ள, பிறகு குழு மாற வேண்டும். முதல் வாரம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். மூலைக்கு இத்தனை பேர் என்று பாயில் சாக்பீஸ் வட்டம் போட்டால் இரண்டாம் வாரம் அடங்கும். பைய வரும்.

ஆள் போதாத இடத்தில் இந்த வித்தை எதுவும் பலிக்காது. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து, கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பாதி மையங்களில் அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது, ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் மொழியும் கணக்கும் தெளிவாக உயர்ந்தன, குட்டையான வளர்ச்சியும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்தன. ஒரு டீச்சர் இரண்டு மையத்துக்குக் கூடுதல் பொறுப்பு பார்க்கும் ஊரில் அவருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுப்பது, ஆள் இல்லாத வயலுக்கு நல்ல மண்வெட்டி வாங்குவது மாதிரி. நிமிடத் தாளின் நகலோடு காலியிடத்தைக் குறிப்பிட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் இருக்கிறது. "டீச்சர் இல்லை" என்று எழுதுவதைவிட "மூன்று மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு 50 நிமிடம்தான் கிடைக்கிறது" என்று எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

மேற்பார்வையாளரிடம் இருபது, இருபத்தைந்து மையம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குப் பதில், மாதம் எட்டு, ஒன்பது மையத்தில் மட்டும் ஒன்றரை மணி நேரம் இருந்தால் காலாண்டுக்கு ஒரு முறை எல்லா மையமும் வந்துவிடும். முக்கால் மணி பார்ப்பது, கால் மணி தானே பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து காட்டுவது, மீதி டீச்சரோடு பேச்சு. செய்து காட்டும் கால் மணியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பேச்சு வெறும் உபதேசம். போக வர வசதியான 'மாதிரி மைய'த்துக்கே திரும்பத் திரும்பப் போகாமல் சாலையிலிருந்து தள்ளியிருக்கும் மையத்தைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏ பி சி டி எழுத மாட்டேங்கானே டீச்சர், அந்த ஸ்கூல்ல எல்லாம் எழுதுதாங்களே." வாதாட வேண்டாம். மாதம் ஒரு நாள் அரைமணி நேரம் அந்தத் தாயைச் சிரட்டை மூலையில் உட்காரவையுங்கள். மூன்று சிறு சிரட்டை மணல் ஒரு பெரிய சிரட்டை என்று தன் பிள்ளை சொல்வதைக் கேட்ட பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்வார். முக்கூடல் மாதிரி பீடி சுற்றும் ஊர்களில் பீடி ஒப்படைக்கிற நேரத்தில் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள், நேரத்தைத் தாய்மாரிடம் கேட்டு வையுங்கள்.

தரவரிசை, நட்சத்திரம், பரிசு எதையும் இந்தத் தாளோடு கட்டாதீர்கள். கட்டிய மாதமே 'கா' எல்லாம் 'வி' ஆகிவிடும், வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகள் பொம்மையைப் பிடித்து அசையாமல் நிற்கும் படம் வரும். தாள் மையத்திலேயே, சுவரில் அடித்த ஆணியில், டீச்சர் எடுத்துப் பார்க்கும்படி தொங்கட்டும். மூன்று மாதம் கழித்து அதே கிழமையில், அதே மூலையில், முடிந்தால் அதே ஆள் உட்கார்ந்து மறுபடி 36 குறி எடுக்க வேண்டும். ஆள் மாறினால், முதல் அரைமணி நேரம் இரண்டு பேரும் தனித்தனியாகக் குறித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஆறில் ஐந்து ஒத்துவந்தால் புது ஆளிடம் தாளைக் கொடுக்கலாம்.